பெயரை எழுதியவர்

அன்புள்ள அண்ணா,

உங்கள் பக்கத்தைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு சின்ன காமிக்ஸ் கடைக்கு ஓவியர் ஒருவர் கையெழுத்துப் போட வந்திருந்தார். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். அந்த வருடம் முழுக்க நான் படித்தது அந்த ஓவியர் வரைந்த ஒரே ஒரு தொடரைத்தான், திரும்பத் திரும்ப. அதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருபது வருடமாக மனதில் வைத்திருந்தேன். ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். என் முறை வந்தபோது ஓவியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் என் பெயரைப் பார்த்தார், எழுதினார், தள்ளினார். நான் நன்றி மட்டும் சொன்னேன். தெருவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

கையெழுத்து வாங்க அலைவது சிறுபிள்ளைத்தனமா? படைப்போடு நிறுத்திக்கொண்டு படைப்பாளியை விட்டுவிட வேண்டுமா? நண்பர்கள் இந்தப் பிரதியை அனுப்பி, தர மதிப்பெண் வாங்கி, கெட்டி பிளாஸ்டிக்குக்குள் சீல் வைத்துவிடச் சொல்கிறார்கள். செய்யட்டுமா?

ஒன்று மட்டும் ஆறுதல். வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் பொறுமையாகப் பேசினார். அப்பா கதையை அவரிடம்தான் சொன்னேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டிருக்கிறது)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தேன். அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சிறுபிள்ளைத்தனமா என்று கேட்கிறீர்கள். ஆசைப்பட்டீர்கள், போனீர்கள். அதற்கு என்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டியதில்லை. படைப்பா படைப்பாளியா என்பது மேடையில் பேசிப் பேசித் தேய்ந்துபோன விஷயம். அதுவும் வேண்டாம்.

ஆனால் அந்த பிளாஸ்டிக்கை என்னால் அப்படி விட்டுவிட முடியாது. பத்து வயதில் உங்களைத் தாங்கிப் பிடித்த கதை அந்தப் பக்கங்களுக்குள் இருக்கிறது. அதை இனி எப்போதும் திறக்க முடியாதபடி பூட்டட்டுமா என்று என்னிடமே கேட்கிறீர்கள். உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நண்பர்கள் அந்தப் புத்தகத்தை ஒரு முறையாவது படித்தவர்களா? சிஜிசி என்ற நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. புத்தகத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். கையெழுத்துப் போடுவதை அவர்களுடைய ஆள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் மஞ்சள் லேபிள். அப்படி யாரும் பார்க்காமல் நீங்களாக வாங்கியதென்றால் பெரும்பாலும் பச்சை லேபிள். அட்டையில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கில்தான் அது போகும். இன்னொன்றும் கேளுங்கள். விற்கிறவர்களின் சந்தையில், 'இன்னாருக்கு' என்று ஒருவர் பெயர் எழுதிய பிரதிக்குப் பெரும்பாலும் விலை குறைவு. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால்தான் அடுத்தவனிடம் தள்ள வசதி. உங்களுக்கும் அந்த ஓவியருக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் தொடர்பு ஏற்பட்டது, உங்கள் பெயரை அவர் கை எழுதிய இடம். அந்த இடத்தைத்தான் அவர்கள் குறை என்கிறார்கள். இப்படிப்பட்டவர்களிடமா கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? வெட்கமாக இல்லையா தம்பி? படியுங்கள். ஓரம் மடங்கட்டும், முதுகு விரியட்டும். அந்தப் புத்தகம் உங்கள் கையில் தேய்ந்தே தீரட்டும்.

அடுத்தது, ஓவியர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்ற வருத்தம். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில், படிப்பு முடியும் சமயத்தில், வார இறுதிகளில் ஒரு காமிக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கடை என்றால் ஒரு அறை. நடுவில் பெட்டிகள் அடுக்கிய மேசை, இரண்டு பக்கமும் ஆள் போக ஒரு சந்து. எதிரே ஒருவர் வந்தால் ஒருக்களித்துத்தான் வழி விட வேண்டும். காமிக்ஸ் உலகத்துக்கே பித்துப் பிடித்திருந்த காலம் அது. 1991-இல் எக்ஸ்-மென் புதுத் தொடரின் முதல் இதழ் 80 லட்சம் பிரதி போனது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு உறையில் வந்தது. அந்த உறையைப் பிரிக்காமலே வைத்துக்கொள்ள ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு இரண்டாக வாங்கினார்கள். அப்படிப்பட்ட நாளில், எல்லோரும் பெயர் சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஓவியர் எங்கள் ஒற்றை அறைக் கடைக்கு வர ஒப்புக்கொண்டார். எப்படி ஒப்புக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி இரண்டு வாரம் தூங்கவில்லை. காரணம் உண்டு. காமிக்ஸ் கடைகளுக்கு வரும் இதழ்களைத் திருப்பி அனுப்ப முடியாது. 1973-ஐ ஒட்டி ஃபில் சூலிங் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. தள்ளுபடி அதிகம், ஆனால் விற்காமல் நின்றால் கடைக்காரன் தலையில்தான். அந்த ஒரு நாளை நம்பி முதலாளி வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆர்டர் போட்டிருந்தார். கூட்டம் வராவிட்டால் கடையே போய்விடும்.

கூட்டம் வந்தது. விடிவதற்குள் வரிசை தெருமுனை திரும்பிவிட்டது. நாங்கள் டோக்கன் கொடுத்தோம், 400 வரை எண் போட்டு. முந்தின இரவே நீளப் பெட்டிகளையெல்லாம் பின்கட்டுக்கும் மாடிப்படிக்கும் தூக்கியாயிற்று. காமிக்ஸ் அடுக்கிய ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? காகிதம் லேசானது என்ற எண்ணமே போய்விடும். கல்லாப்பெட்டி மேசையை இழுத்து நடுவில் போட்டு, கறுப்பு மார்க்கர் பத்து, வெள்ளி நிறப் பெயின்ட் பேனா ஆறு வைத்தோம். கறுத்த அட்டைக்கு வெள்ளிதான் எடுக்கும். ஆனால் அது காயக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரத்தில் மேலே இன்னொரு புத்தகத்தை வைத்துவிட்டால் அதன் பின்னட்டையில் கையெழுத்து கண்ணாடி பிம்பமாக விழுந்துவிடும். என் வேலை அட்டையை விரித்துப் பிடிப்பதும், வாயால் ஊதிக் காயவைப்பதும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நான்கு மணி நேரம், 400 பேர். ஆளுக்கு 36 வினாடி. ஆளுக்கு ஐந்து புத்தகம் என்றால் ஒரு கையெழுத்துக்கு ஏழு வினாடி. அந்த ஏழு வினாடிக்குள் புத்தகம் நகர வேண்டும், பேனா மாற வேண்டும், பெயரைப் படிக்க வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய கட்டைவிரல் அடியில் தசை தனியாகத் துடித்ததைப் பார்த்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். எங்கள் ஓவியரும் அதற்குமேல் நிமிரவில்லை. நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த முகம் ஏதாவது சொல்லும், அதைக் கேட்க வேண்டும், கேட்டால் தெருமுனையில் நிற்பவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். உங்களுக்குப் பின்னால் நின்றவருக்கும் ஓர் அப்பா கதை இருந்திருக்கலாம் தம்பி. அட்டைப்பெட்டியோடு வந்தவரை வேண்டுமானால் திட்டுங்கள். ஓவியரைத் திட்டாதீர்கள்.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை.

ஓவியர் தனியாக வரவில்லை. அவரோடு இன்னொருவரும் காரிலிருந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கார் ஓட்டி வந்தவர் என்று நினைத்துவிட்டேன். யாரும் அறிமுகப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்துகொண்டார். கடை வாசலில் தொங்கிய விளம்பரத் தட்டியை எழுதியவன் நான்தான். அதில் ஓவியர் பெயர் மட்டும்தான் இருந்தது.

நேரம் மிச்சப்படுத்த முதலாளி ஒரு வழி செய்திருந்தார். வரிசையில் நிற்கும்போதே அவரவர் பெயரை மஞ்சள் சீட்டில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டிவிடுவது. உங்கள் கடையில் செய்ததும் அதுதான். எல்லா இடத்திலும் இப்படித்தான். எங்கள் முதலாளியின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். பத்துப் பேர் போவதற்குள் மூன்று பெயர் தப்பாகிவிட்டது. ஒரு பெண் வாய்விட்டே அழுதாள். அப்போது சுவரோர நாற்காலியிலிருந்தவர் எழுந்துவந்து, "நான் எழுதட்டுமா?" என்று கேட்டு என் கையிலிருந்த சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டார். நான் நீட்டிய பந்துமுனைப் பேனாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார்.

அதன் பிறகு அவர் உட்காரவே இல்லை. வரிசையின் ஓரமாக நடந்துகொண்டே எழுதினார். இடது உள்ளங்கையில் சீட்டுக்கட்டு, வலது கையில் பேனா. எல்லாம் பெரிய எழுத்து. ஒவ்வொருவரிடமும் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுதியதைத் திருப்பிக் காட்டினார், சரி என்று தலையாட்டிய பிறகுதான் ஒட்டினார். ஜனங்கள் அவரிடம் பேசினார்கள். உள்ளே போய் ஓவியரிடம் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார்கள். வெயிலில் நின்றுகொண்டு கேட்டார், அவசரமே படவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோன இரண்டு தடவையும் யாரோ ஒருவர் அவரிடம் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு இடைவெளி கிடைத்தது. என் பிரதியை ஓவியரிடம் நீட்டப்போனேன். அந்தப் பெரியவர், "உன் பெயருக்குச் சீட்டு?" என்றார். என் பெயர் ஆங்கிலத்தில் எழுதினால் நீளம், ஒரு சீட்டில் ஒரே வரியில் அடங்காது. நான் சொன்னேன், அவர் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்த இடத்தில் முறிக்கலாம்?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அலுவலகங்களில் என் பெயரைக் கட்டத்துக்குள் அடங்கும்வரை எழுதி மீதியை விட்டுவிடுவார்கள். இவர் நான் சொன்ன இடத்தில் முறித்து, கீழ்வரியை மேல்வரிக்கு நேர் நடுவில் அமைத்தார். ஓவியர் அதைப் பார்த்துப் பார்த்து அட்டையில் எழுதினார், வெள்ளியில். நான் ஊதிக் காயவைத்து, பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கூட்டம் போன பிறகு அந்தப் பெரியவர் எங்களோடு சேர்ந்து நீளப் பெட்டிகளை மாடிப்படியிலிருந்து இறக்கினார். ஓவியர் கைவிரல்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பிப் போனார்கள். நான் கடையைக் கூட்டினேன். தரை முழுக்க மஞ்சள் சீட்டு. கையெழுத்து வாங்கியதும் உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 400 பெயர். முறத்தில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அவர் யார் என்று எனக்கு ஆறேழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வீடு மாறும்போது அந்தப் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்தேன். அட்டைக்கு உள்பக்கம் அந்த மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது, நான் உரித்து அப்படியே உள்ளே செருகியிருக்க வேண்டும். ஆர் என்ற எழுத்தின் வலது கால் கொஞ்சம் நீண்டு அடுத்த எழுத்தின் கீழே போயிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். முதல் பக்கத்துப் பேச்சு பலூனில் அதே ஆர். அதே நீண்ட கால். மேல்வரிக்கு நேர் நடுவில் அதே மாதிரி அமைந்த கீழ்வரி. அந்த இதழ் முழுவதும், அந்தத் தொடர் முழுவதும், நான் படித்த ஒவ்வொரு சொல்லும் அந்தக் கையால் எழுதப்பட்டது. அவர் அந்தத் தொடரின் லெட்டரர், அதாவது பலூன்களுக்குள் எழுத்தை எழுதுபவர்.

தம்பி, இந்த வேலையைப் பற்றி நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் பேசுவேன், இங்கேயும் பேசாமல் விடமாட்டேன். கணினி வருவதற்கு முன்னால் காமிக்ஸில் பலூனுக்குள் இருக்கும் எழுத்தெல்லாம் கையால் எழுதப்பட்டவை. ஓவியர் பென்சிலில் வரைந்த பக்கம் பெரும்பாலும் முதலில் லெட்டரரிடம்தான் போகும், மை போடுபவரிடம் அதன் பிறகு. அவரிடம் ஏம்ஸ் கைடு என்று உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதிலுள்ள ஓட்டையில் பென்சில் முனையை வைத்து, அளவுச் சட்டத்தின் மேல் அப்படியே தள்ளிக்கொண்டு போனால் ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் நிப்பைத் தொட்டு இந்தியன் இங்க் என்கிற கரிமையில் எழுத வேண்டும். தப்பு வந்தால் வெள்ளை வர்ணம் பூசி மேலே மறுபடி எழுத வேண்டும். ஆங்கில காமிக்ஸில் ஐ என்ற எழுத்துக்கு இரண்டு உருவம் உண்டு. 'நான்' என்ற பொருளில் தனியாக நிற்கும்போது மேலும் கீழும் குறுக்குக்கோடு போட்ட ஐ. ஒரு சொல்லுக்குள் வரும்போது வெறும் நிமிர்ந்த கோடு. ஆயிரம் இதழ் படித்த வாசகனுக்கும் இது தெரியாது. ஆனால் தப்பாக இருந்தால் கண் எங்கேயோ தட்டும்.

அதோடு முடியவில்லை. பலூனை எங்கே வைப்பது? எந்த பலூனை முதலில் படித்து எதற்கு நகர வேண்டும்? ஓவியருடைய நல்ல கோட்டை மறைக்காமல், பேசுகிறவன் வாயைவிட்டு விலகாமல், ஒரு வாக்கியத்தை எந்தச் சொல்லில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது? நீங்கள் பத்து வயதில் அந்தத் தொடரை வாசித்தபோது உங்கள் காதில் ஒலித்த குரலின் ஏற்ற இறக்கம் முழுக்க ஒரு லெட்டரர் முடிவு செய்தது. தடித்த எழுத்து வந்த இடத்தில் நீங்கள் மனதுக்குள் அழுத்திச் சொன்னீர்கள். பெரிய பலூனுக்குள் சின்ன எழுத்து வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டா என்று யாராவது கேட்டோமா? அமெரிக்க காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதுகள் 1988-இல் தொடங்கின. அதில் லெட்டரிங்குக்கென்று ஒரு விருது வர 1993 ஆயிற்று. டாட் கிளைன் என்ற லெட்டரர் வாங்கினார்.

இன்னும் ஒன்று. இதை நினைக்காத வாரம் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு ஓரமாகப் பெயர்ப் பெட்டி இருக்கும் அல்லவா? கதை இன்னார், ஓவியம் இன்னார், வர்ணம் இன்னார். அந்தப் பெயர்களையெல்லாம் எழுதியதும் லெட்டரர்தான். நாம் யாரை ஓவியர் என்று கொண்டாடுகிறோமோ அவருடைய பெயர் அந்தப் பக்கத்தில் இவருடைய கையெழுத்தில் இருக்கிறது. எல்லோர் பெயரையும் எழுதிவிட்டு ஓரத்தில் தன் பெயரையும் எழுதியிருப்பார். அதாவது நான் வாங்காமல் விட்ட கையெழுத்து என் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர் வேலை பார்த்த ஒவ்வொரு பிரதியிலும் இருந்தது.

பெயர் என்பது இந்தத் தொழிலில் சும்மா கிடைத்ததே இல்லை. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை உருவாக்கியவர்கள். 1938 மார்ச் 1 தேதியிட்டு அவர்களுக்கு 412 டாலருக்கு ஒரு காசோலை வந்தது. அதில் சூப்பர்மேனுக்கு என்று 130 டாலர். அந்த 130 டாலரோடு சூப்பர்மேன் அவர்கள் கையைவிட்டுப் போனான். அந்தக் காசோலையில் இருவர் பெயரும் தப்பாக எழுதப்பட்டிருந்தது. அதனால் பின்பக்கம் தப்பான பெயரில் ஒரு தடவை, சரியான பெயரில் ஒரு தடவை என்று கையெழுத்துப் போட்டார்கள். உலகத்தையே புரட்டிப்போடப்போகும் ஒன்றை எழுதிக்கொடுக்கும்போது, தங்கள் பெயரையே தப்பாக எழுதிக் காட்ட வேண்டியிருந்தது அந்த இளைஞர்களுக்கு. 1975-இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான் சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயர் மறுபடி வந்தது, ஓய்வூதியமும் கிடைத்தது. அந்தக் காசோலை மட்டும் 2012-இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று.

அதே சீகல்தான், 1960-களில் வேலை தேடி பிரிட்டனின் லயன் வார இதழுக்கு எழுதினார். எந்தத் தொடர் தெரியுமா? ஸ்பைடர். ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு. டெட் கவன் தொடங்கி ரெஜ் பன் வரைந்த தொடரை சீகல் கையில் எடுத்துக்கொண்டார். தமிழில் நாம் விழுந்து விழுந்து படித்த அதே ஸ்பைடர். சூப்பர்மேனை உருவாக்கிய கை எழுதியதைப் படிக்கிறோம் என்று நம்மில் யாருக்குத் தெரிந்தது? அந்த பிரிட்டிஷ் வார இதழ்கள் அப்போது யார் பெயரையும் போட்டதில்லை. ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வெள்ளை பூசி அழித்துவிடுவார்கள். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அந்தக் கதை 1962-இல் வேலியண்ட் இதழில் வந்தது, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மாயாவியின் கையைத் தெரியும் நமக்கு, அதை வரைந்த கையைத் தெரியாது. 1977-இல் 2000ஏடி என்ற பிரிட்டிஷ் வார இதழ் தொடங்கிய பிறகு கெவின் ஓ'நீல் அங்கே கலைப்பிரிவில் இருந்தபோது பெயர் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே இது மாறத் தொடங்கியது.

டிஸ்னி வாத்துக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் பார்க்ஸ் 1942-லிருந்து 1966 வரை எழுதி வரைந்தார். அட்டையில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கையெழுத்து, வால்ட் டிஸ்னியுடையது. அவர் அந்தப் பக்கங்களில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோட்டைப் பார்த்தே ஆளைப் பிரித்தார்கள். 'நல்ல வாத்து ஓவியர்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். 1960-ஐ ஒட்டி சில வாசகர்கள் விடாமல் தேடி பார்க்ஸின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். வாசகனென்றால் அவர்கள்தான் என்பேன். வரிசையில் நிற்கவில்லை, யாரும் விளம்பரத் தட்டி வைக்கவில்லை. கண்ணை வைத்துக்கொண்டு தேடினார்கள். என் முகத்துக்கு எதிரே நின்று என் பெயரை எழுதிய கையை நான் கண்டுபிடிக்க ஆறேழு வருடம் ஆயிற்று.

பிறகு பதிப்பகத்துக்கு அவர் பெயருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மறுபடி போட்டேன். அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அதற்குள் லெட்டரிங் கணினிக்கு மாறிவிட்டிருந்தது. நல்ல லெட்டரர்களின் கையை எழுத்துருவாக மாற்றி வைத்துக்கொண்டு தட்டச்சில் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கடையும் அதற்குள் மூடியாகிவிட்டது. உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களெல்லாம் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள், வாங்க ஆளில்லை. அந்தச் சரிவில் ஆயிரக்கணக்கில் கடைகள் போயின. முதலாளி கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு மிச்சமிருந்த பிரதிகளில் ஒரு கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

இப்போது என் மேசையில் இருப்பது அந்த ஒரு பிரதி. அட்டையில் ஓவியரின் வெள்ளிக் கையெழுத்து முதுகோரம் உதிர்ந்து பாதிதான் நிற்கிறது. உள்ளே மஞ்சள் சீட்டு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பசை காய்ந்து போனதால் ஒரு காகிதக் கிளிப்பில் செருகி வைத்திருக்கிறேன். மை மட்டும் அப்படியே கறுப்பாக இருக்கிறது.

உங்கள் ஊர்க் கடையில் சீட்டு எழுதிய பெரியவர் யார்? கடைக்காரரின் உறவினராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். அப்பா கதையை முழுதாகக் கேட்ட ஒரு மனிதரின் பெயரைக் கேட்காமலா வந்தீர்கள்? ஐந்து மணி நேரம் நிற்கத் தெரிந்தது, இது தோன்றவில்லையா? நானும் இதே தப்பைச் செய்தவன் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

இந்த வாரமே அந்தக் கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக்கில் அடைக்காத அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அவர் அங்கே இருந்தால் முதல் பக்கத்தில், பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் அவர் பெயரை விசாரித்து அங்கே நீங்களே எழுதுங்கள். எழுத்துப் பிழை வரக் கூடாது. கடைக்காரரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்